பதினான்கு வளவும் ஒரு மதிலும்

ஜூலை 3, வியாழன்

மேற்கிலிருந்து கச்சான் காற்று விடியுமுன்னே எழும்பிவிட்டது. பல்லுக்குள் மணல். சுபஹ் தொழுத கையோடு கடற்கரையில் நடை. இது நான்காம் நாள்.

வந்தவர்கள்: நான், எங்கள் ஒழுங்கை ஸபிய்யா, ஸபிய்யாவின் மாமி, பின் ஒழுங்கை டீச்சர். நாலே நாலு பேர். கிளினிக்கில் "வாறம் மிஸ், கட்டாயம் வாறம்" என்று தலையாட்டியவர்கள் இருபத்திரண்டு. இருபத்தாறு வருடமாக இந்த ஊருக்கு நான் மிட்வைப். அந்தக் காலத்தில் நான் நிறை பார்த்த பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளோடு வருகிறார்கள். அவர்களின் தாய்மாருக்கு இப்போது சீனி, பிறசர், முழங்கால். மாதம் முடியுமுன் ஒரு ஒழுங்கையாவது சேர்ந்து நடக்குமா என்று டொக்டர் கேட்கிறார். ஊசி என்றால் வரிசையில் நிற்கும் ஊர். நடை என்றால் காது கேட்காது.

செய்ய வேண்டியவை:
தராசுக்குப் பற்றரி.
டீச்சரிடம் செருப்பை மாற்றச் சொல்ல.
வீட்டுக்காரரின் பிறசர் குளிசை முடிகிறது, மருந்து எடுக்க.
மா இடிக்கக் கொடுத்தது வந்ததா?

பகல் கிளினிக் கொப்பியில் வேறு ஒரு பெயரைத் தேடப் போய் ஜெ.யின் பெயரைக் கண்டேன். என் தங்கச்சி. வயது 46. விலாசம், என் பின்மதிலுக்கு அந்தப் பக்கம். நான் லீவில் நின்ற செவ்வாய்க்கிழமை பார்த்து வந்திருக்கிறாள். கூட வேலை செய்யும் ரஞ்சிதத்தின் கையெழுத்து: சாப்பிடாமல் சீனி 261. வலது கால் சின்னவிரலில் புண். மருந்து கட்ட ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னது. வரவில்லை.

அவளோடு பேசி ஆறு வருடம். உம்மாவுக்கும் கால் விரலில்தான் தொடங்கியது.

வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார், "இரி புள்ள கொஞ்சம். ஊட்டுக்குள்ளேயே கல்முனைக்குப் போய் வந்திட்டாய்." கொப்பியில் கண்டதை அவரிடம் சொல்லவில்லை. நோயாளி விசயம். அதுதான் காரணம் என்று எழுதிவைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

அதே காற்று. முருங்கைக் கொப்பு ஒன்று முறிந்தது. இலையை ஆய்ந்து சுண்டல்.

காலையில் வட்ஸ்அப்பில் ஒரு படம். கடற்கரையில் நாங்கள் நாலு பேர், பின்பக்கமாக, அபாயாக்கள் காற்றில் ஊதிக்கொண்டு. கீழே: "எங்கட ஊர்ப் பொம்புளைகள் எங்க போறாங்க?" எடுத்தது யார் என்று தெரியாது. பகலுக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. ஸபிய்யா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ராத்தா, என்ட பின்பக்கம் மெய்யாவே இவ்வளவு பெரிசா? அப்ப நடக்கத்தான் வேணும்."

டீச்சர் சிரிக்கவில்லை. இனி வரமாட்டாவாம். வீட்டில் பேச்சாம்.

ஜும்மா முடிந்து மரைக்கார் மாமா வந்தார். பள்ளிவாசலில் எங்கள் குடிக்கு, தாய்வழிக் குடும்பங்களுக்கு, அவர்தான் பொறுப்பு. தேத்தண்ணி குடித்தார், காற்றைப் பற்றிக் கதைத்தார், பிறகு மெதுவாக:

"மகள், நடக்கிறது பிழையெண்டு ஆரும் சொல்லல்ல. டொக்டர்மார் சொல்றதுதானே. இடந்தான் கொஞ்சம். தோணிக்காரன் கரைக்கு வாற நேரம் அது. அவன் அரைக் காச்சட்டையோட வலை இழுக்கிற. அவனும் வெக்கப்பட, நீங்களும் வெக்கப்பட."

"அப்ப நாங்க எங்க மாமா நடக்கிற?"

"அத நீங்கதான் யோசிக்கணும். நான் இடம் காட்ட வரல்ல."

வாதாட எத்தனையோ இருந்தது. அதே கடற்கரையில் சுபஹுக்குப் பிறகு முப்பது ஆண்கள் கைவீசி நடக்கிறார்கள், அவர்களுக்குத் தோணிக்காரரிடம் வெட்கம் இல்லை. சொல்லவில்லை. மனிதர் நல்ல மனிதர், அதுதான் கோபம். கெட்டவர் என்றால் சண்டை பிடித்திருக்கலாம்.

கடற்கரை முடிந்தது.

ஜூலை 5, சனி

லீவு நாள். இருப்புக் கொள்ளவில்லை. அலுமாரியைக் கொட்டி அடுக்கினேன். இரண்டு தரம்.

இடம் தேடிப் போனது:
பள்ளிக்கூட மைதானம். பின்னேரம் கிரிக்கெட். காலையில் பூட்டு.
மண்டபம். விசிறி ஓடாது. உள்ளே நடந்தால் அவிந்துவிடுவோம்.
பிரதான வீதி. லொறி, பஸ், ஹோர்ன். வேண்டாம்.

ரஞ்சிதத்துக்குப் போன் எடுத்தேன். எங்கள் கிளினிக்கின் மற்ற மிட்வைப், பாண்டிருப்பில் வீடு. அங்கே பெண்கள் கோயிலைச் சுற்றி நடக்கிறார்களாம். "சாமிக்கு ஒரு சுத்து, சீனிக்கு மூண்டு சுத்து எண்டு சொல்லித்தான் மிஸ் கூட்டிக்கொண்டு போறன்." எனக்குப் பொறாமையாக இருந்தது. உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

பின்னேரம் ஸபிய்யாவின் தறிக்கொட்டிலில் போய் நின்றேன். சாரன் நெய்கிறாள், இரண்டு காலும் மிதித்தபடி. அவளுக்கும் சீனி உண்டு. "நாள் முழுக்கக் கால் அசையுது. எண்டாலும் டொக்டர் நட எண்டா. இருந்த இடத்துல அசையிற கணக்கில்ல போல." தறியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ராத்தா, போன மாசம் கடைசி ஊட்டுக் கலியாணத்துக்கு நாம சோத்துச் சஹன் தூக்கினது ஞாவகமா? பதினாலு ஊட்டுக்கும் சோறு போச்சி. ஒரு ஆள்ட செருப்பும் ரோட்டுல படல்ல."

நின்ற இடத்திலேயே நின்றேன். மெய்தானே. எங்கள் ஒழுங்கையில் வீடும் முற்றமுமாக ஏழு வளவு, பின் ஒழுங்கையில் ஏழு வளவு, முதுகோடு முதுகு. எல்லாம் பெண்களுக்குக் கொடுத்த வீடு. ராத்தாவுக்கு ஒன்று, தங்கச்சிக்குப் பக்கத்தில் ஒன்று, சாச்சியின் மகளுக்கு அடுத்தது. வளவுக்கும் வளவுக்கும் இடையில் மதில் இருக்கும், மதிலில் ஆள் நுழைய ஒரு கடப்பு இருக்கும். கறி போவதும் செய்தி போவதும் அந்த வழியால்தான். கலியாணமோ மவுத்தோ என்றால் பெண்கள் முழுப்பேரும் அதற்குள்ளால்.

எங்கள் காலடியில் இருந்த பாதை. நான் மைதானம் தேடிக்கொண்டு திரிந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

காற்று கொஞ்சம் குறைவு. அடியால் அளந்தேன். எங்கள் பக்கம் ஏழு வளவும் 210 அடி வைப்பு. ஆறு சுற்று என்றால் அரை மணித்தியாலம்.

வீடு வீடாக அனுமதி கேட்டது. யார் யார் என்ன சொன்னார்கள் என்று மறக்குமுன்:

முதலாம் வளவு, ஸபிய்யா: "வாங்க. என்ட குப்பையப் பாக்காம போங்க."

மூன்றாம் வளவு: ஆடு கட்டியிருக்கும். கயிறு நீளம். ஆட்டை மாற்றிக் கட்டச் சம்மதம், பிலா இலை நாங்கள் கொண்டுவந்தால்.

நான்காம் வளவு: மகளுக்குக் கலியாணம் முடித்து இரண்டு மாதம். புது மாப்பிள்ளை வீட்டோடு. எட்டு மணிக்கு முன் எழும்பமாட்டார். "மாப்புள்ளட நித்திரையக் கெடுத்திட்டு எனக்கு என்ன நடை?" என்றா மாமியார்க்காரி. பேசிப் பயனில்லை. ஊரில் டொக்டருக்கு மேலே புது மாப்பிள்ளை. ஆகவே காலை நடை இல்லை, அஸர் தொழுத பிறகு. அதுவும் நல்லதுதான், அந்த நேரம் ஆண்கள் பள்ளியிலும் சந்தியிலும்.

ஐந்தாம் வளவு: கிணற்றடியில் ஆள் குளித்தால் முதலே சத்தம் வைக்க வேண்டும். சரி, முன்னுக்குப் போகிறவள் ஒவ்வொரு கடப்பிலும் உரத்து சலாம் சொல்வது.

பதினோராம் வளவு: புருசன் மவுத்தாகி இத்தா இருக்கிறா. நாலு மாதமும் பத்து நாளும் வெளியில் வரமுடியாது. கேட்கவே கூச்சமாக இருந்தது. "பொம்புளைகள்தானே, வாங்ககா. மனிச முகத்தைக் கண்டு எவ்வளவு நாள்" என்றா.

பன்னிரண்டு பேர் ஓம். கேட்காமல் விட்டது இரண்டு. ஏழாம் வளவு என்னுடையது. எட்டாம் வளவு ஜெ.யுடையது.

ஜூலை 7, திங்கள்

வெளிக்கள வேலை, ஒன்பது வீடு. உச்சி வெயில். குடை காற்றில் மறுபக்கம் திரும்பிக் கம்பி போனது.

அஸருக்குப் பிறகு ஒத்திகை. பதினொரு பேர் வந்தார்கள். பதினொன்று. முதலாம் வளவில் தொடங்கி என் வளவுக்கு வந்து, பின்பக்கம் போய் நின்றோம். எதிரே மதில். நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் கல் வேறு நிறம். பூச்சுப் பூசாதது. எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு மல்லிகையைப் பார்த்தார்கள். ஸபிய்யாவின் மாமி மட்டும், "இதால போனா சுத்து முடியும்" என்று தன்பாட்டில் சொன்னா.

"வந்த வழியால திரும்புவம்" என்றேன்.

இதை எங்கும் எழுதியதில்லை, எழுதிவிடுகிறேன். உம்மா கடைசிக் காலத்தில் ஜெ.யோடு இருந்தா. கடைக்குட்டியோடு இருப்பதுதானே வழக்கம். ஹஜ்ஜுப் பெருநாளன்று ஜெ. உம்மாவுக்குக் கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் கொடுத்தாள், ஒரு கோப்பை அல்ல, இரண்டு. உம்மாவின் சீனி அவளுக்குத் தெரியும். மறுநாள் ஆஸ்பத்திரி. காலை எடுத்தார்கள். இருபது நாளில் மவுத்து. நாற்பதாம் நாள் கத்த ஓதலில் பெண்கள் எல்லாரும் சஹனைச் சுற்றிச் சாப்பாட்டுக்கு இருந்தபோது நான் சொன்னேன், "உம்மாவுக்கு வட்டிலப்பம் ஊட்டி அனுப்பினது இவதான்." ஜெ. கையில் சோற்றுக் கரண்டி. எல்லாச் சஹனுக்கும் சோறு வைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனாள். அடுத்த கிழமை நான் மேசனைக் கூப்பிட்டுக் கடப்பை அடைத்தேன். "கதவு போடவா ராத்தா?" என்று கேட்டான். கல்லே போடச் சொன்னேன்.

நான் மிட்வைப். சீனி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா.

ஜூலை 8, செவ்வாய்

கிளினிக். 41 பேர். நாக்கு வறண்டுபோயிற்று.

ரஞ்சிதத்திடம் சாடையாகக் கேட்டேன். ஜெ. இன்னும் வரவில்லை. "நான் போன் பண்ணினனான் மிஸ். ஆறிப்போச்சு எண்டா. ஆறின குரலாத் தெரியேல்ல. பக்கத்து வளவுதானே, நீங்க ஒருக்காப் பாத்தா என்ன?" அவளுக்கு முழுக் கதையும் தெரியாது. தெரிந்துகொண்டும் கேட்டிருக்கலாம்.

பின்னேரம் பதினாறு பேர். நல்லது. நல்லதும் கெட்டது: என் மதிலடியில் முன்னுக்குப் போனவர்கள் திரும்ப, பின்னுக்கு வருகிறவர்களோடு கடப்பில் முட்டல். ஓர் ஆள் நுழையும் இடம். ஐந்தாம் வளவில் இரண்டு பெரிய உடம்பு நெருக்கிக்கொண்டு, சிரித்துச் சிரித்து, கடைசியில் தண்ணீர்ப் பானை உடைந்தது. மூன்றாம் வளவில் ஆட்டுக்குக் குழப்பம், இந்த ஊர்வலம் ஏன் போய்ப் போய்த் திரும்பி வருகிறதென்று.

பின் ஒழுங்கைப் பெண்கள் கேட்கிறார்கள், நாங்கள் எப்போது சேர்வதென்று. ஸபிய்யாவின் வளவால் அந்தப் பக்கம் போகலாம். ஆனால் ஜெ.யின் வளவோடு அங்கேயும் முட்டும். இங்கே ஒரு முட்டுச்சந்து, அங்கே ஒரு முட்டுச்சந்து, நடுவில் என் கல்.

ஸபிய்யா போகும்போது சொன்னாள், "ராத்தா, நான் ஒண்ணும் சொல்லல்ல."

"சொல்லாத."

"அதான் சொல்லல்ல."

ஜூலை 10, வியாழன். போயா

நேற்று எழுதவில்லை. நேற்று யாரோடும் நல்ல முகம் இல்லை. தேத்தண்ணிக்குச் சீனி போட்டேன், சீனி வேண்டாம் என்று ஊருக்குச் சொல்பவள். குடித்தும்விட்டேன்.

இன்று பௌர்ணமி லீவு, பின்னேரம் பத்தொன்பது பேர். பின் ஒழுங்கைப் பக்கமும் போய்த் திரும்பினோம், ஒன்பதாம் வளவு வரை. பதினோராம் வளவில் இத்தா இருப்பவ எங்களைக் கண்டதும் எழும்பி வந்தா. தன் வளவுக்குள் மட்டும், இந்தக் கடப்பிலிருந்து அந்தக் கடப்பு வரை, எங்களோடு நடந்தா. இருபது அடி இருக்கும். கடப்பில் நின்றுகொண்டா. திரும்பி வரும்போது மறுபடி சேர்ந்துகொண்டா. மூன்று தரம். நாங்கள் போன பிறகும் தனியே நடந்துகொண்டிருந்தாவாம், ஸபிய்யாவின் மாமி கண்டது.

நாலாம் வளவுப் புது மாப்பிள்ளை கடப்பில் கிடந்த தன் சைக்கிளைத் தானே எடுத்து வைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாராம். மாமியார்க்காரிக்குப் பெருமை. இதைக் கேட்க நாலு பேர் கூடுதலாக வருகிறார்கள்.

எல்லாரும் போன பிறகு மதிலடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். ஓர் அடி சரியாக விழுகிறது, மற்றது இழுபடுகிறது. சரி, இழு. சரி, இழு. கோழிக்குத் தீன் போடுகிறாள். உடுப்பை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். உம்மா குசினிக்கு வரும் சத்தமும் இப்படித்தான் இருந்தது, அந்தக் கடைசிப் பத்து நாளும். அப்போது எனக்கு அது கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்றோடு சூடும். மீன்காரர் வரவில்லை. முட்டைக் கறி.

திங்கள் எழுதியதைத் திருப்பி வாசித்தேன். எழுதியது எல்லாம் நடந்ததுதான். ஒன்றை விட்டிருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு. நாள் முழுக்க வெளிக்களம், வெயில், காலை முதல் சாப்பாடு இல்லை. அஸர் தாண்டி வந்து சோற்றில் கை வைத்தேன். உம்மா கடப்பால் வந்தா. குசினி முக்காலியில் இருந்து காலை நீட்டினா. "இத ஒருக்காப் பாரு புள்ள." நான் எழும்பவில்லை. இருந்த இடத்தில் இருந்தே எட்டிப் பார்த்தேன். சின்னவிரலில் சிவப்பாக ஏதோ. "செருப்புக் கடி உம்மா. பவுடர் போடுங்க. நாளைக்குப் பாக்கன்."

நாளைக்குப் பார்க்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஊரில் எல்லா வீட்டுக் காலையும் குனிந்து பார்க்கிறவள். மறுபடி அந்தக் காலை நான் கண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

வட்டிலப்பம் காலைக் கறுப்பாக்காது, ஒரு நாளில். இது எனக்கு அன்றே தெரியும். படித்தவள் சொன்னால் ஊர் நம்பும் என்றும் தெரியும். ஆறு வருடமாக ஜெ.யை எந்தக் கலியாணத்தில் கண்டாலும் யாராவது ஒருத்தி வட்டிலப்பத் தட்டை அவளுக்கு முன்னால் வைத்துவிட்டுச் சிரிப்பாள். கண்டும் காணாதவளாக இருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. அவர் அடுத்த அறையில் யாசீன் ஓதுகிறார். எழுதிய தாளைக் கிழிக்கலாமா என்று இரண்டு தரம் பிடித்துப் பார்த்தேன்.

ஜூலை 12, சனி

எழுதும் கையில் கொப்புளம், இரும்பு அலவாங்கு பிடித்த கை.

லுஹர் தொழுதேன். அவர் கடைக்குப் போனார். ஸபிய்யாவிடம் அலவாங்கு கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்காமல் கொடுத்தாள், நான் திரும்பி நடக்க, பின்னால் தறியடிக்கும் சத்தம் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள்.

மேல் கல் இலேசில் வரவில்லை. மேசன் நல்ல வேலைக்காரன். மூன்றாம் கல் அசைந்து அந்தப் பக்கம் விழுந்ததும் கோழிகளின் சத்தம். ஓட்டைக்குள்ளால் பார்த்தால் பலகை. அவள் கோழிக்கூட்டை மதிலோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.

"ஆரு?" ஜெ.யின் குரல்.

"நான்."

அலவாங்கைச் சாய்த்து வைத்தேன். நான் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க ராத்தா. கூட்ட நகத்துறன். உள்ளுக்குக் குஞ்சு இரிக்கி."

"அந்தக் காலோட தூக்காத."

"கால்ல காயமெண்டு ஒங்களுக்கு ஆரு சொன்ன?"

"கொப்பியில பாத்தன்."

"நீங்க லீவெண்டு தெரிஞ்சிதான் வந்தன்."

"அதுவும் தெரியும்."

கூட்டை இழுக்கும் சத்தம். மெதுவாக. நான் ஒவ்வொரு கல்லாகத் தட்டினேன். இடுப்பு மட்டத்துக்கு வந்ததும் அவள் முகம். மெலிந்துவிட்டாள். உம்மாவின் நெற்றி. நான் எப்படி அந்தக் கல்லின் மேலால் ஏறிக் கடந்தேன் என்று தெரியாது, 78 கிலோவோடு. தரையில் இருந்து அவள் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். சின்னவிரல் கறுக்கவில்லை, சிவந்து பொங்கியிருக்கிறது, இலேசான மணம். இன்னும் நேரம் இருக்கிறது. இன்றைக்குப் பார்த்தால் நேரம் இருக்கிறது.

காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "உம்மா புண்ண எனக்குத்தான் முதல் காட்டின. நான் பாக்கல்ல. பவுடர் போடச் சொன்னன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அண்டைக்கே உம்மா வந்து சொன்ன. ராத்தாட்டக் காட்டிட்டன், பவுடர் போடட்டாம் எண்டு. பவுடர் போட்டுவிட்டதே நான்தான்."

அவள் குதிக்காலைப் பிடித்தபடி இருந்தேன்.

"மறுகா ஆஸ்பத்திரியில, கால எடுக்க முன்ன என்ட கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்ன. இத அவட காதுல போட்டிராத. நாலு ஊட்டுக்குப் போய் வைத்தியம் சொல்ற புள்ள. இத நெனச்சா அந்தப் புள்ளக்கு வேல செய்யேலாமப் போகும் எண்டு."

"கத்தத்தண்டு சொல்லியிருக்கலாமே. எல்லாருக்கும் முன்னால."

"சொல்லலாம். உம்மாட்டச் சொல்லமாட்டன் எண்டு சொல்லிட்டனே." கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடித்துக் கூட்டுக்குள் விட்டாள். "ஒரு கிழமையால கோவம் ஆறின உடன ஒங்களுக்கு மட்டும் சொல்லுவம் எண்டுதான் இருந்தன். அதுக்குள்ள நீங்க மதிலக் கட்டிட்டீங்க."

அழுதேன். அவள் அழவில்லை. காலை இழுத்துக்கொள்ளவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

த்ரீவீலரில் ஆஸ்பத்திரி. அவள் ஏறுமுன் பழையபடி போலிக் கோபம், "கோழிக்கு ஆரு தீன் போடுற?" ஸபிய்யா போட்டாள்.

டொக்டர் புண்ணைச் சுத்தம் செய்தார். விரல் தப்புமாம், பார்த்துக்கொண்டால். எலும்புக்குப் போகவில்லை. ஊசி, குளிசை, தினமும் மருந்து கட்டு. காலில் பாரம் கொடுக்கக் கூடாது, மூன்று கிழமை. "வீட்டில கட்டு மாத்த ஆள் இருக்கா?" என்று கேட்டார். நான் கை உயர்த்தினேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். எழும்பி நடக்கத் தோன்றவில்லை. அவள் என் தோளில் சாய்ந்து நித்திரை. கால் மரத்தது, அசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மீதிக் கல்லையும் அவர் எடுத்துவிட்டிருக்கிறார். விளிம்பைச் சாந்து பூசி மட்டம் பண்ணிக்கொண்டிருந்தார். "மச்சிட கால் எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 14, திங்கள்

காலை கட்டு மாற்றினேன். சிவப்பு கொஞ்சம் வடிந்திருக்கிறது. சாப்பிடாமல் சீனி 198.

கட்டும்போது சொன்னேன், நடைக்கு வரும் பெண்களுக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று, வட்டிலப்பக் கதை பொய்யென்று. "என்னத்துக்கு இப்ப" என்றாள். அது அவள் விருப்பம் இல்லை, என் கடன். பின்னேரம் பெண்கள் கூடினதும் முதலாம் வளவில் வைத்துச் சொன்னேன். உம்மா எனக்குக் காலைக் காட்டியதையும் நான் எழும்பிப் பார்க்காததையும், சோற்றில் கை வைத்தபடி இருந்ததையும். பத்தொன்பது பேர். நாலாம் வளவு மாமியார்க்காரி தன் செருப்பைக் கழற்றிக் காலைத் திருப்பிப் பார்த்தா. பிறகு ஒவ்வொருவராக. முற்றத்தில் எல்லாரும் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கு வெடிப்பு, ஒருத்திக்கு ஆணி. குனிந்து பார்த்தேன், எல்லாக் காலையும். இடுப்பு பிடித்துவிட்டது.

நடை நாளைக்கு என்றாகிவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று. மணல். கிளினிக் 38 பேர். தராசுக்குப் பற்றரி இன்னும் வாங்கவில்லை.

அஸருக்குப் பிறகு இருபத்துமூன்று பேர். டீச்சர் திரும்பி வந்தா, புதுச் செருப்போடு. மரைக்கார் மாமாவின் மனைவியும் வந்தா, மாமாவே ஸபிய்யாவின் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாராம்.

முதல் முழுச் சுற்று. முன்னுக்கு ஸபிய்யா, ஒவ்வொரு கடப்பிலும் சலாம். குப்பை, ஆடு, சைக்கிள், கிணறு, என் மல்லிகை, கடப்பு. பிறகு கோழிக்கூடு, பின் ஒழுங்கை, இத்தா வளவு, திரும்ப ஸபிய்யா. யாரும் யாரோடும் முட்டவில்லை. பதினோராம் வளவில் இருபது அடிக்கு இருபத்துநாலு பேர்.

ஜெஸீமா நடக்கக் கூடாது. கடப்புக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு, காலை முக்காலியில் வைத்து, மடியில் புளியங்கொட்டை. சுற்றுக் கணக்கு அவளிடம். பெயர் பெயராக எண்ணுகிறாள், யாரையும் ஏய்க்க விடவில்லை. டீச்சருக்கு நாலு. மாமிக்கு மூன்று, போதும், இருக்கட்டும் என்றாள்.

மஃரிபுக்கு நேரம் நெருங்க எல்லாரும் கலைந்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பக்கத்தில் அந்த முக்காலியின் மிச்சத்தில் இருக்கப் போனேன். கொட்டையை எண்ணிப் பார்த்தாள்.

"ராத்தா, ஒங்களுக்கு அஞ்சுதான். இன்னொண்டு குறையிது."

"களைக்குதுகா. நாளைக்கு நடக்கன்."

"நாளைக்கு எண்டு சொல்லாதீங்க," என்றாள்.

எழும்பிப் போனேன்.